பெருச்சாளி வரவு

மூன்று தொகுதி, கெட்டி அட்டை,
சுற்றி ஒரு பெட்டி.
பாலக்கோடு தக்காளி மண்டி வாசலில் வைத்து
கொரியர் பையன் கையெழுத்து கேட்டான்.
நாலு கிலோ எழுநூறு.
(எங்கள் வீட்டில் எதையும் முதலில் நிறுத்துப் பார்ப்போம்.)

ஓவியர் முனிரத்தினத்தின் முழுப் படைப்புகள்.
'வாலாட்டி' மாத இதழில் அவர் போட்ட அத்தனை மிருகமும்:
டிக்கெட்டைக் கொறித்துக் கிழிக்கும் அணில் கண்டக்டர்,
கல்யாணத் தந்தியை வளைகாப்புக்குக் கொண்டுவரும்
ஆமை பியூன்,
ஒரே பவுடர் டப்பாவுக்கு அடித்துக்கொள்ளும்
எருமை அக்கா தங்கை,
அப்புறம்
ரயில்வே கேட் பக்கத்தில் அடகுக்கடை வைத்திருக்கும்
பெருச்சாளி.

முன்னுரையில் ஒரு பேராசிரியர் சொல்கிறார்:
பெருச்சாளி என்பது
சிறுநகரத்துக்குள் மூலதனம் நுழைந்த காலத்தின் குறியீடு.

இல்லை ஐயா.
அது எங்கள் அப்பா.
மாதையன், த/பெ பச்சையப்பன்.
நோட்டு எண்ண அவர் நாக்கில் தொடுவது
மோதிர விரலை.
முதல் தொகுதி, பக்கம் எண்பத்தொன்று, பாருங்கள்.
வேட்டியின் ஒரு முனையைச் செருகிக்கொண்டு
மறுமுனையைத் தரையில் இழுத்தபடி நடப்பார்.
அதைத்தான் வால் என்று போட்டிருக்கிறார்.

முதல் கதை, எழுபத்துநாலு ஆடி.
ஓர் எலிக்குஞ்சின் வெள்ளி அரைஞாணைப்
பெருச்சாளி நிறுக்கிறது.
தட்டுக்கு அடியில் அதன் சுண்டுவிரல்.
அப்படி நடந்ததா, எனக்குத் தெரியாது.
நடந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில் என்னைக் குட்டிப் பெருச்சாளி என்றார்கள்.
ஒருத்தியைக் கடித்தும் வைத்தேன்,
அது பேரை இன்னும் உறுதியாக்கியது.
அப்பாவுக்குத் தெரியக் கூடாதென்று
இதழைக் கண்டால் ஒளித்து வைப்பேன்.
அவரோ மாதாமாதம் பஸ் ஸ்டாண்டில்
காசு கொடுத்து வாங்கி,
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, படித்திருக்கிறார்.
சிரித்தாரா, பார்த்ததில்லை.
ஒரேயொரு முறை, சாப்பாட்டு நடுவில்,
யாரிடம் என்றில்லாமல்:
"மீசையில ஒரு முடி அதிகமாப் போட்டுட்டான்."

கணக்குப் புத்தகத்தை நான் திறந்தது
அவர் செத்து வெகுகாலம் கழித்து.
முனிரத்தினம், படம் போடுறவர். ரூ. 40.
ஈடு: வெள்ளி அரைஞாண் ஒன்று.
வட்டிப் பத்தியில் ரூபாயே இல்லை.
ஆவணி, 14 கட்டம்.
புரட்டாசி, 11 கட்டம்.
தை, 19 கட்டம், நல்ல மாசம்.
பன்னிரண்டு வருடம் இப்படி,
ஒரு மாதம் விடாமல், வரவு.
கடைசி வரி எண்பத்தாறு ஐப்பசி:
3 கட்டம். குறைவு. கேட்கணும்.

கேட்கப் போகவில்லை.
அந்த மாதக் கடைசி வெள்ளியோடு சரி.

மூன்றாம் தொகுதி, பக்கம் இருநூற்றுப் பத்து.
கார்த்திகை இதழ்.
கடைக்குப் பூட்டு. அந்தப் பூட்டுக்கு மட்டும்
மூன்று தடவை மை ஓட்டிய கறுப்பு.
அணில் கேட்கிறது: எங்கப்பா ஆளைக் காணோம்?
ஆமை சொல்கிறது: வசூலுக்குப் போயிருக்காரு, வருவாரு.

அதற்கப்புறமும் ஒன்பது வருடம் வரைந்திருக்கிறார்.
பெருச்சாளி வரவில்லை.
எருமைகள் சண்டையிடும் தெருக்கோடியில்,
கண்டக்டர் விசிலுக்குப் பின்னால், எங்கேயாவது
அந்தப் பூட்டு இருக்கிறது.

பதிப்பாளர் குறிப்பு:
அசல் கிடைக்கவில்லை,
பழைய இதழ்களிலிருந்தே படியெடுத்தோம்.
எங்களுக்கும் அசல் வரவில்லை, சார்.
நாற்பது ரூபாய்.

அரைஞாண் என்னிடம்தான் இருக்கிறது,
தைல டப்பாவில், கறுத்துப்போய்.
அதைக் கட்டியிருந்த பிள்ளை
ஓசூரில் பைக் கம்பெனியில் இருப்பதாக
நன்றியுரையில் போட்டிருக்கிறது.
அனுப்பிவிடலாம். ஆனால் கணக்கை முடிக்காமல்
ஈட்டைக் கொடுத்துப் பழக்கமில்லை.

நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன்.
பெருச்சாளி வந்த கட்டம் இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்று.
அப்பா இரண்டு விட்டிருக்கிறார்:
ஒன்றில் வால் மட்டும், ஒன்றில் நிழல் மட்டும்.
பூட்டு வந்தது நானூற்று ஆறு.
அதையும் வரவில் சேர்க்கலாமா?
அவராக இருந்தால் சேர்க்க மாட்டார்.

மோதிர விரலை நாக்கில் தொட்டு
பக்கத்தைத் திருப்பினேன்.
சேர்த்து எழுதினேன்.